சந்தேகத்துக்குத் தெளித்த தண்ணீர்

2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். மழை விட்டிருக்கவில்லை; வேகம் மட்டும் குறைந்திருந்தது. தாராவியில் தொண்ணூறடிச் சாலையிலிருந்து உட்புறம் பிரியும் சந்துகளில் கணுக்காலளவு நீர் நின்றது. நீலத் தார்ப்பாய்கள் நடுவில் தொய்ந்து நிரம்பி, ஓரத்தின் வழியே கொட்டின. அத்தகைய சந்து ஒன்றில், கீழே பட்டறை, மேலே குடியிருப்பு, அதற்கும் மேலே தகரக் கூரையிட்ட மச்சு என்று நின்ற வீட்டில், முகம்மது ஹனீப் மச்சிலிருந்து இரும்பு ஏணி வழியாக இறங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு வயது அறுபத்தேழு. வலக்கை ஏணியைப் பற்றியிருந்தது. இடக்கையில் சிறுநீர்ப் பை. அதிலிருந்து புறப்பட்ட குழாய் இடுப்பில் கட்டிய சாரத்துக்குள் போயிற்று.

பாதி ஏணியில் அவருடைய இடக்கால் செருப்பு கழன்று விழுந்தது. அவர் நிற்கவில்லை, அடுத்த படிக்கு இறங்கினார். அடுப்பருகே நின்ற மனைவி சைனப் செருப்பைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"செருப்பு விழுந்துட்டு."

"யாரு செருப்பு?"

"உங்க செருப்புதான். காலத் தூக்குங்க."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினார். அவள் குனிந்து செருப்பை மாட்டிவிட்டு நிமிர்ந்தாள். அவர் கால் இன்னும் தூக்கியபடியே இருந்தது.

"போட்டுட்டியா?" என்று கேட்டார்.

சைனப் மறுபடி குனிந்து, அவருடைய குதிகாலைக் கட்டை விரலாலும் சுட்டு விரலாலும் அழுத்திக் கிள்ளினாள். தோல் வெளுத்தது.

"தெரியுதா?"

"எது?"

முந்தின வாரம் அரசு மருத்துவமனையில் இரண்டு செய்திகளைத் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். காலில் மரமரப்புத் தெரிந்தால் அன்றே வர வேண்டும் என்பது ஒன்று. ஓர் அறுவைக்குச் சம்மதமா இல்லையா என்பதைச் செவ்வாய்க்கிழமை எழுத்தில் தர வேண்டும் என்பது மற்றொன்று. என்ன அறுவை என்பது ஹனீபுக்கும் மகன் நசீருக்கும் தெரியும். சைனபிடம், கல்லெடுப்பது போன்ற ஒன்று என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

மேலப்பாளையத்திலிருந்து பம்பாய்க்கு வந்த நாள் முதல் ஹனீப் நின்றே வேலை செய்தவர். பள்ளிக்கூடப் பை தைக்கும் பட்டறை. ரெக்சினை அடுக்கடுக்காக விரித்து, மேலே தகர அளவை வைத்து, ஒரே அழுத்தில் கத்தியை இழுக்க வேண்டும். அழுத்தம் கையிலிருந்து வருவதாகப் புதிதாய் வந்தவர்கள் நினைப்பார்கள்; அது காலிலிருந்து வருவது. மார்ச்சு தொடங்கி ஜூன் நடுவரை வேலை நெருக்கும். பீகார்க் காரிகர்கள் தையல் இயந்திரங்களில் குனிந்தால் நிமிர்வது சாயாவுக்குத்தான். அந்தச் சாயாவை ஹனீப் மூன்று பருவங்களாகத் தொடவில்லை. தண்ணீரும் நாக்கு ஒட்டும்போது மட்டும். குடித்தால் போக வேண்டும், போனால் வராது, வந்தாலும் தீராது.

போவது சந்து முனையிலுள்ள பொதுக் கழிப்பிடத்துக்கு. அங்கே உள்ளே நின்றவர் நின்றுகொண்டே இருப்பார். முதல் துளிக்குக் காத்து, பிறகு கடைசித் துளிக்குக் காத்து, இருமி, காலை மாற்றி மாற்றி ஊன்றி, காகிதத்தால் ஒற்றி, கழுவி, மறுபடி ஒற்றி. வெளியே வரிசை நீளும். "சாச்சா, உள்ள தூங்கிட்டீங்களா?" என்று இந்தியில் கேட்டுக் கதவைத் தட்டுவார்கள். தமிழ் தெரிந்தவர்கள் தட்டுவதில்லை. "ஹனீப் பாய் பேணுதலான மனுசன். சுத்தமாயிட்டுத்தான் வருவாரு. நீ வேற கதவுக்குப் போ" என்பார்கள். பேணுதல், அதாவது மார்க்கச் சுத்தத்தில் கண்டிப்பு, என்பது அந்தச் சந்தில் பெரிய சொல். ஒருவரை அப்படிச் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு அவர் எவ்வளவு நேரம் உள்ளே நின்றாலும் யாரும் வேறு காரணம் தேடுவதில்லை.

வீட்டிலும் தேடவில்லை. தம் சாரத்தைத் தாமே துவைத்து மச்சில் காயப்போட்டார். பள்ளிவாசலில் இமாமுக்கு நேர் பின்னால் நிற்பவர், கடைசி வரிசைக்கு நகர்ந்தார். கடைசியில் இமாம் அப்துல் ரவூபிடம் தனியே போய், தொழுகைக்கு முன் கழுவிச் செய்யும் ஒளு நிற்கிறதா முறிகிறதா என்று சந்தேகமாகவே இருக்கிறது என்றார்; துளி இறங்கினாலும் ஒளு முறியும். இமாம் அதற்கு, தொன்றுதொட்டுச் சொல்லப்படும் வழியைச் சொன்னார்: சந்தேகம் ஷைத்தானின் வேலை, ஒளு செய்ததும் உடுப்பில் இரண்டு கை தண்ணீர் தெளித்துக்கொள்ள வேண்டும், பிறகு ஈரம் பட்டால் அது அந்தத் தண்ணீர் என்று இருந்துவிட வேண்டும்.

ஹனீப் தெளித்துக்கொண்டார். அதன்பின் எது தெளித்தது, எது சொட்டியது என்று அவருக்கே தெரியாமல் போயிற்று. சாரம் கருநீலம்; சொட்டியதில் இரத்தச் சிவப்புக் கலந்தபோதும் அதில் ஈரம் ஈரமாகவே தெரிந்தது.

பக்ரீது கழிந்த சனிக்கிழமை சிறுநீர் முற்றாக நின்றது. வயிறு மத்தளமாகி, மனிதர் தரையில் நெளிந்தபோதுதான் நசீர் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினான். குழாய் போட்டார்கள், இரத்தம் எடுத்தார்கள், சதை எடுத்தார்கள், எலும்புகளைப் படம் பிடித்தார்கள். படத்தில் இடுப்பிலும் முதுகிலும் கரும்புள்ளிகள் இருந்தன.

"வாப்பா, ஆட்டோ வராது. ரோட்டுல தண்ணி. டாக்சி சொல்லுதேன்" என்றான் நசீர், பட்டறைக்கு இறங்கி வந்த ஹனீபிடம். அவன் கைலியை மடித்துக் கட்டி, பட்டறைக்குள் வந்த நீரை வாரியலால் தள்ளிக்கொண்டிருந்தான்.

"அசரத் வாரேன்னுருக்காரு. பாத்துட்டுப் போவோம்."

"கால்ல உணர்ச்சி இல்லங்கியோ, இப்பம் போயி அசரத் எதுக்கு?"

"எனக்கு மார்க்கம் ஒண்ணு கேக்கணும்."

"மார்க்கம் கேட்டுக் கேட்டுத்தான் இங்கன வந்து நிக்குது."

"நசீரு" என்று மேலேயிருந்து சைனபின் குரல் வந்தது. "வாப்பாக்கு ரெண்டு பாவு தரட்டா? சாயால முக்கித் தின்னுட்டுப் போவட்டும்."

"ஒண்ணும் வேண்டாம் உம்மா."

அசரத் என்று எல்லோரும் அழைக்கும் இமாம் அப்துல் ரவூப் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். கடையநல்லூர்க்காரர், ஹனீபின் வயதுதான். நனைந்த ஜிப்பாவைப் பிழிந்துவிட்டு, வெட்டு மேசையருகே ஸ்டூலில் உட்கார்ந்தார். நசீர் ஒரு தையல் இயந்திரத்தின் விசையைப் போட்டு, ஊசியில் நூலில்லாமல் ஓடவிட்டான். பேச்சு மேலே கேட்கக்கூடாது.

"ஆம்பளைக்கு அத எடுத்துட்டா, தொழுகை வரிசையில நிக்கலாமா அசரத்?" என்று கேட்டார் ஹனீப்.

"எத எடுத்துட்டா?"

ஹனீப் மேசைமேல் கிடந்த கத்தரியைப் பார்த்தார். அப்துல் ரவூபும் பார்த்தார்.

"ரெண்டையுமா?"

"ரெண்டையும்."

"ஏன் ஓய்?"

"புத்துநோயாம். மூத்திரப்பைக்குக் கீழ ஒரு சுரப்பி இருக்காம், ஆம்பளைக்கு மட்டும். அதுல வந்து முதுகெலும்புக்கு ஏறிட்டு. அதுக்குத் தீனி இங்கேருந்துதான் போவுதாம். தீனிய நிறுத்தணும்ங்காவ."

"எம்புட்டு நாளா இது?"

"ரெண்டு மூணு வருசமா. உம்மகிட்ட வந்தம்லா."

"எங்கிட்ட எங்க வந்தீரு? சந்தேகமா இருக்குன்னுல்லா வந்தீரு!"

"இதுக்குத்தான் வந்தேன்."

"ஒழுகுதுன்னு சொன்னீரா? சொட்டுதுன்னு சொன்னீரா? சந்தேகம்னீரு, நான் சந்தேகத்துக்கு வழி சொன்னேன். ஒழுகுதுன்னா அதுக்கு வேற சட்டம். ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் ஒரு ஒளு செஞ்சுட்டு, துணியக் கட்டிக்கிட்டு, முதல் வரிசையிலயே நிக்கலாம். சொட்டுனா சொட்டட்டும், அல்லாவுக்குத் தெரியும். டாக்டர்ட்டப் போம்னும் அன்னைக்கே வெரட்டிருப்பேன்."

"வெக்கமா இருந்திச்சு."

"எங்கிட்ட என்னவே வெக்கம்? நான் என்ன உம்ம வீட்டுக்குப் பொண்ணா கேக்க வந்தேன்?"

ஹனீப் சிரிக்கவில்லை. அப்துல் ரவூபும், சொன்ன பிறகு, சிரிப்பதற்காகச் சொன்னவராகத் தோன்றவில்லை. குடையின் கம்பியை மாற்றி மாற்றி நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

"உயிர் போற இடத்துல மருந்துக்குத் தடையில்ல" என்றார் கடைசியில். "வரிசையில நில்லும். முதல்ல நில்லும். ஆனா ஒண்ணு. சைனபுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்பம் தப்பு. அவ அறிஞ்சு ஒத்துக்கிடணும். அவளுக்குச் சரிப்படலைன்னா, பிரிச்சு விடுங்கன்னு கேக்கவும் உரிமை உண்டு. நான் ஓதினது அதுதான்."

"இந்த வயசுலயா?"

"உரிமைக்கு வயசு எங்க எழுதிருக்கு?"

"அசரத், நீங்க வேற" என்று நசீர் குறுக்கிட்டான். "அதெல்லாம் தேவையே இல்ல. இஞ்செக்சன் இருக்கு. அத எடுத்துக்கிடுவோம். இந்தச் சந்துல ஒரு விசயம் ஒளியுமா? நாளைக்கு ரோட்டுல போனா கஸ்ஸிம்பானுவ."

கஸ்ஸி என்பது தேவ்னார் சந்தையில் காயடித்த கிடாயைக் குறிக்கும் சொல். ஆண்டுதோறும் பக்ரீதுக்கு ஹனீப் தேடித் தேடி வாங்குவது அதைத்தான்.

"கஸ்ஸிக்கு வெல கூடுதல்லால" என்றார் ஹனீப்.

நசீர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். டாக்சிக்காரன் சாலையிலிருந்து கைப்பேசியில் கூப்பிட்டான். ஹனீப் எழுந்தார், இடக்கால் மடங்கியது, மேசை விளிம்பைப் பிடித்து நின்றார். சைனப் புர்காவை மாட்டியபடியே இறங்கி வந்து, ஓடிக்கொண்டிருந்த வெற்று இயந்திரத்தைப் பார்த்து, விசையை அணைத்தாள்.

"நூலில்லாம யாரு ஓட்டுதது? ஊசி முறியாதா?"

நசீரும் இமாமும் இருபுறமும் தாங்க, ஹனீப் அந்தச் சந்து வழியே நடந்தார். இரண்டு கைகளும் அவர்கள் தோளில் இருந்ததால் பையை ஏந்த அவருக்குக் கையில்லை. இதுநாள்வரை அதை யாரும் தொட அவர் விட்டதில்லை. சைனப் அதை வாங்கி, புர்காவின் ஓரத்தால் மூடி, நீரில் படாமல் உயர்த்தாமலும் தாழ்த்தாமலும் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள். சாலையை அடைந்ததும் இமாம் நின்றுவிட்டார். மற்ற மூவரும் ஏற, டாக்சி புறப்பட்டது.

மருத்துவமனையின் ஆண்கள் பகுதியில் கட்டில் காலி இல்லை. தள்ளுவண்டியிலேயே கிடத்தி, தாழ்வாரத்தில் நிறுத்தினார்கள். வண்டிக்கடியில் யாரோ விரித்த பாயில் மற்றொரு நோயாளியின் உறவினர் டப்பாவைத் திறந்து போஹா தின்றுகொண்டிருந்தார். பயிற்சி மருத்துவர் வந்தனா வந்தாள். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள். அந்தப் பகுதியில் தமிழ் பேசும் ஒரே மருத்துவர். முதல் நாளே அவள் தமிழில் பேசத் தொடங்கியபோது ஹனீப் கூசிப்போனார். வீட்டு மொழியில், மகளைவிட இளையவள் ஒருத்தி இதைச் சொல்வதைவிட, யாராவது ஆண்பிள்ளை இந்தியில் சொல்லியிருக்கலாம் என்று நசீரிடம் சொன்னார்.

அவள் ஒரு குச்சியை முறித்து, அதன் முனையால் அவர் கால் விரல்களிலிருந்து மேல்நோக்கித் தொட்டுக்கொண்டே வந்தாள். தொடையைத் தாண்டி இடுப்பருகே வந்தபோதுதான் அவர் "ஆமா" என்றார்.

"எப்போலேர்ந்து மாமா?"

"இன்னைக்குக் காலைலதான்" என்றாள் சைனப்.

"ஞாயித்துக்கிழமையே செருப்பு கழண்டுது" என்றார் ஹனீப், கூரையைப் பார்த்துக்கொண்டு.

வந்தனா குச்சியைத் தொட்டியில் போட்டாள். "நான் அன்னிக்கே சொன்னேனோல்லியோ, தெரிஞ்சா ஒடனே வரணும்னு? ரெண்டு நாள் போயிடுத்தே. சரி. ஃபார்ம் கொண்டு வரேன். இப்போவே முடிவு சொல்லணும். மாமிக்கு எல்லாம் சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சு" என்றான் நசீர்.

"சொல்லிட்டாவ. கல்லெடுக்கது" என்றாள் சைனப்.

வந்தனா மூவரையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு நசீரை விலக்கி, சைனபின் அருகில் வந்தாள்.

"கல்லு இல்ல மாமி. கேன்சர். முதுகெலும்புல நரம்ப அழுத்தறது. அதுக்கு வளர்ச்சி குடுக்கறது ஆம்பளைகளோட ஹார்மோன். அது எங்கே உண்டாறதோ, அந்த ரெண்டையும் எடுத்துடணும். கீழே. புரியறதா? தமிழ்ல அதுக்குச் சரியான வார்த்தை நேக்குத் தெரியல."

"புரியுது" என்றாள் சைனப்.

"இஞ்செக்சன் இருக்குன்னு சொன்னீங்களே மேடம்?" என்றான் நசீர்.

"இங்கே இருக்கற இஞ்செக்சன் போட்டா மொதல் ஒரு வாரம் அது ஜாஸ்தியாகும், அப்புறம்தான் அடங்கும். ஸ்பைன்ல வந்துட்டதால அந்த ஒரு வாரம் நம்மகிட்ட இல்ல. ஆபரேஷன்னா ஒரு நாள்ல ஹார்மோன் எறங்கிடும். முதுகுக்குக் கரன்ட்டும், அதான் ரேடியேஷன், குடுக்கணும்."

"இது எப்படித் தொடங்கும்?" என்று கேட்டாள் சைனப். "எங்களுக்கு ஒண்ணுமே தெரியலையே."

"சில பேருக்கு ஒண்ணுமே தெரியாது. தெரியறவாளுக்கு, ராத்திரி அடிக்கடி போகணும். போனா ஒடனே வராது, நின்னுண்டே இருக்கணும். வந்தாலும் மெலிசா. எல்லாம் ஆனப்புறமும் சொட்டும், துணி நனையும். வயசானா சாதாரண வீக்கத்துக்கும் இதே மாதிரிதான் இருக்கும். எல்லாம் கேன்சர் இல்ல. அதனாலதான் வந்து காட்டணும்கறது. ஒரு ரத்தப் பரிசோதனை, விரலால தொட்டு ஒரு பரிசோதனை. ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா இன்னிக்கு வேற பேச்சு பேசிண்டிருப்போம்."

வந்தனா படிவத்தை எடுத்துவரப் போனாள். சைனப் தள்ளுவண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாழ்வாரத்தின் கோடியில் மழை சாரலாக உள்ளே வந்து தரையை நனைத்துக்கொண்டிருந்தது. துப்புரவுப் பெண் ஒருத்தி அதைத் துடைத்தாள், அது மறுபடி நனைந்தது.

"அப்பம் அது பேணுதல் இல்லையா?" என்றாள் சைனப்.

ஹனீப் போர்வையை இழுத்து இடுப்பை மூடிக்கொண்டார்.

"நான் பட்டா ஒளு முறிஞ்சிரும்னுல்லா மச்சில போயிப் படுத்தியோ. அப்படித்தான் நெனச்சேன். மனுசன் வணக்கத்துல முத்திட்டாரு, நாம குறுக்க நிக்கக் கூடாதுன்னு நெனச்சேன். நுஸ்ரத்து கேட்டா, மாமாவும் நீங்களும் பேசிக்கிடமாட்டிகளான்னு. மருமவகிட்டயும் அதையேதான் சொன்னேன்."

"பாய் நனையும் சைனபு. நாத்தம் வரும்."

"வந்தா?"

"ஒனக்கு அருவருப்பா இருக்கும்."

"நாலு பிள்ளைக்குப் பீத்துணி அலசினவளுக்கா?"

நசீர் தாழ்வாரத்தின் மறுகோடிக்குப் போய் நின்றான். போஹா தின்றவர், தமிழ் தெரியாதவராயினும், டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போனார்.

"அசரத் சொன்னாரு" என்றார் ஹனீப். "ஒனக்கு உரிமை இருக்காம். வேண்டாம்னு சொல்லலாமாம். பிரிஞ்சும் போவலாமாம்."

"பிரிஞ்சு எங்க போவ? ஐரோலில மவ ஆஸியா வீட்டுக்கா? அவ மாமியா எனக்குக் கட்டில் போட்டு வச்சிருக்காளா?"

"கேலி பண்ணாத. நெசமாக் கேக்கேன்."

"மச்சிக்கு ஏறின அன்னைக்கு அந்த உரிமைய அசரத் சொல்லிருக்கணும். இப்பம் சொல்லி என்னத்துக்கு?"

அவள் அழவில்லை. குரலும் உயரவில்லை. ஹனீப் அவளுடைய கோபத்துக்கு ஆயத்தமாக இருந்தார். அவளுடைய அருவருப்புக்கு மூன்றாண்டுகளாக ஆயத்தமாக இருந்தார். இந்தச் சமநிலையான குரலுக்கு ஆயத்தமாக இல்லை.

வந்தனா படிவத்தோடு வந்தாள். ஆங்கிலத்திலும் மராத்தியிலும் அச்சிட்டது. ஒவ்வொரு பத்தியாகத் தமிழில் சொன்னாள். சொல் கிடைக்காத இடங்களில் இந்தியில் சொன்னாள். இது திரும்பப் பெற முடியாதது. உடல் தளரும், வியர்க்கும், எலும்பு மெலியும், ஆண்மை இருக்காது. நோய் தீராது, அடங்கும், சில காலம். கீழே இரண்டு கோடுகள் இருந்தன. ஒன்று நோயாளிக்கு, ஒன்று மனைவிக்கு.

"செஞ்சா நடப்பாவளா?" என்று கேட்டாள் சைனப்.

"சொல்ல முடியாது மாமி. இப்போ இருக்கறதுக்கு மேல போகாம நிறுத்தப் பாக்கறோம்."

"செய்யாட்டி?"

"படுக்கைதான். ரெண்டு காலும் போயிடும். வலி இதுக்கு மேல வரும்."

"செஞ்சா வலி?"

"குறையும். அது நிச்சயமா சொல்லுவேன்."

சைனப் பேனாவை வாங்கினாள். தள்ளுவண்டியின் தலைமாட்டில் காகிதத்தை வைத்து, தன் கோட்டின்மேல், மதரசாவில் படித்த தமிழில், எழுத்தெழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். புள்ளியை மறந்து, திரும்ப வந்து வைத்தாள்.

"ஒனக்கு வேற ஒண்ணும் கேக்கண்டாமா?" என்றார் ஹனீப்.

"நான் கேக்க வேண்டியத டாக்டர்ட்டக் கேட்டுட்டேன். இனி உங்க பாடு. எனக்காவப் போடாதிய, நசீருக்காவப் போடாம இருக்காதிய. உடம்பு உங்களுது."

அவள் பேனாவை அவர் நெஞ்சின்மேல் வைத்தாள், கையில் கொடுக்கவில்லை.

அவர் வெகு நேரம் அதை எடுக்கவில்லை. வந்தனா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பார்த்ததை மறைத்துக்கொண்டாள். கூரையில் மின்விசிறி ஓடியது. ஹனீப் தம் இடக்கால் விரல்களை அசைக்க முயன்றார். அசைந்தனவா என்பது அவருக்குத் தெரியவில்லை. போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்களைச் சைனப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அசையுதா?" என்று அவளிடம் கேட்டார்.

"இல்ல."

"உண்மையச் சொல்லு."

"உண்மையத்தான் சொல்லுதேன். அசையல."

அவர் தலையசைத்தார். உட்கார வேண்டும் என்றார். நசீர் ஓடி வந்து முதுகைத் தாங்கினான். வந்தனா அட்டையொன்றை அடியில் கொடுத்தாள். ஹனீப் படிவத்தைத் தொடையின்மேல் வைத்தார்; அந்தத் தொடை அட்டையின் கனத்தை அறியவில்லை. வங்கியில் போடும் அதே கையெழுத்தை, முழுமையாக, கீழ்க்கோட்டோடு போட்டார். மை காயும்வரை ஊதினார்.

"வாப்பா, கொண்டாங்க, நான் குடுக்கேன்" என்று நசீர் கையை நீட்டினான்.

ஹனீப் அவனிடம் கொடுக்கவில்லை. காகிதத்தைத் திருப்பி, எழுத்து எதிரே நிற்பவருக்கு நேராக வரும்படி வைத்து, இரண்டு கைகளாலும் வந்தனாவிடம் நீட்டினார். அவளும் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.